பெடலைக் குறை சொல்லுமுன் அடாப்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பகுதியில் கிட்டாரின் ஓசையை மாற்ற காலால் மிதிக்கும் சிறு பெட்டிகளான எஃபெக்ட்ஸ் பெடல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பெடல் என்ன ஓசை தரும் என்பதைப் புதியவர்களுக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் வாங்கி வந்த பெடலை எப்படி மாட்டுவது என்று சொன்ன கடைசிப் பத்தியில் மூன்று பெரிய பிழைகள் இருக்கின்றன. அதிக ஆம்பியர் அடாப்டர் போட்டால் பெடல் எரிந்துவிடும் என்பது ஒன்று. அணைத்தால் ஓசையைத் தொடாமல் விடும் ட்ரூ பைபாஸ் பெடல்களை மட்டுமே வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. ஹம் என்னும் ரீங்கார இரைச்சல் வந்தால் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) எர்த் பின்னை எடுத்துவிடலாம் என்பது மூன்றாவது. முதல் இரண்டை நம்பினால் பணமும் ஓசையும்தான் கெடும். மூன்றாவதை நம்பினால் ஆளே போய்விடலாம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பாலத்துக்கு அடியில் போகும் ஒரு சிறு ஒயர் வழியாக ஜாக்கின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. அங்கிருந்து கேபிளின் வெளிப்பின்னல், பிறகு ஆம்ப்பின் உலோகச் சட்டம், பிறகு சுவர் பிளக்கின் எர்த் பின். அதாவது வாசிப்பவரின் விரல்கள் எந்நேரமும் அந்த எர்த் பின்னைத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆம்ப்புக்குள் பழுதாகி மின்சாரம் சட்டத்தில் பாய்ந்தால், எர்த் இருக்கும் வரை ஃப்யூஸ் போகும், கதை முடிந்தது. எர்த் இல்லையென்றால் கம்பிகளில் மின்சாரம் நிற்கும். பாடுவதற்காக மைக்கில் உதடு பட்டால் போதும், மைக் தன் மிக்ஸர் வழியாக எர்த் ஆகியிருப்பதால் சுற்று உடம்பு வழியாகப் பூர்த்தியாகிவிடும். மேடையில் இப்படி உயிரிழந்த கலைஞர்கள் உண்டு.

ஹம்மைப் போக்க வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டு கருவிகள் இரண்டு தனித்தனி இடங்களில் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கேபிளாலும் இணைந்திருந்தால் அது ஒரு பெரிய வளையமாகி 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். ஆம்ப், பெடல் சப்ளை எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினாலே பல சமயம் போய்விடும். போகாவிட்டால் ஆடியோ வழியில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போடலாம், அல்லது கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். அந்தச் சுவிட்ச் துண்டிப்பது ஆடியோ கேபிளின் எர்த்தை. சுவரிலிருந்து வரும் எர்த்தை அல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம்.

இனி அடாப்டர். அடாப்டர் மேல் இரண்டு எண்கள் இருக்கும். வோல்ட் என்பது அடாப்டர் தள்ளுவது. மில்லி ஆம்பியர் என்பது அது அதிகபட்சம் தரக்கூடியது. 10 மில்லி ஆம்பியர் தேவைப்படும், ஓசையைச் சற்றுக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை 2,000 மில்லி ஆம்பியர் அடாப்டரில் மாட்டினாலும் அது 10-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் தேவைக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். குறைந்தால்தான் தொல்லை. டிஜிட்டல் பெடல் என்றால் விளக்கு மினுக்கும், திடீரென்று தானாக அணைந்து மறுபடி தொடங்கும், கீச்சென்று ஒரு சத்தம் பின்னணியில் ஓடும். அனலாக் பெடல் என்றால் ஓசை தளர்ந்து மங்கும். பலர் இந்த நிலையில்தான் பெடல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

கணக்கு போடுவது எளிது. ஒவ்வொரு பெடலின் அடியிலும் அல்லது கையேட்டிலும் எவ்வளவு எடுக்கும் என்று போட்டிருக்கும். சுருதி பார்க்கும் ட்யூனர் 30, ஓவர்டிரைவ் 10, அதைவிடக் கரகரப்பான டிஸ்டார்ஷன் 10, ஓசையை அடர்த்தியாக்கும் கோரஸ் 20, எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே 65, அறையின் முழக்கம் தரும் பெரிய ரிவெர்ப் 300 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 435 மில்லி ஆம்பியர். சப்ளையில் இதற்கு மேல் கால் பங்காவது மிச்சம் இருக்கட்டும். மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. எட்டு வாயில்கள் கொண்ட சப்ளையில் ஒவ்வொரு வாயிலுக்கும் 100 தான் என்றால், மொத்தம் 800 என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் அந்த ரிவெர்ப் அதில் ஓடாது.

வோல்ட் விஷயத்தில் மட்டும் தாராளம் வேண்டாம். 18 வோல்ட்டில் ஹெட்ரூம், அதாவது ஓசை உடையாமல் தாங்கும் இடம், கூடும் என்று கேள்விப்பட்டு எல்லாப் பெடலுக்கும் 18 கொடுப்பவர்கள் உண்டு. அதற்கென்றே வடிவமைத்த பெடலில் அது உண்மை. மற்றவற்றில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் 16 வோல்ட் தாங்குபவையாக இருந்தால் அவை வீங்கிவிடும். இன்னொரு பொறியும் இருக்கிறது. சில ஓவர்டிரைவ் பெடல்கள் வரும் 9 வோல்ட்டை உள்ளேயே ஒரு சார்ஜ் பம்ப் ஐசி கொண்டு இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. அந்த வேலைக்கு அதிகம் பயன்படும் மேக்ஸ் 1044 ஐசியின் உச்ச வரம்பு 10.5 வோல்ட். 12 கொடுத்தாலே அதற்குச் சங்குதான். ரெகுலேட் செய்யப்படாத பழைய அடாப்டர்கள் 9 என்று எழுதியிருந்தும் சுமையில்லாதபோது 12, 13 வரை காட்டும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மீட்டரை எடுத்து ஒருமுறை அளந்துவிட்டால் சந்தேகம் தீரும். ஏசி கொடுக்கும் அடாப்டர்களும் உண்டு. லைன் 6 நிறுவனத்தின் முதல் டிஎல்4 டிலே 9 வோல்ட் ஏசியில் ஓடுவது. அதன் அடாப்டரை வேறு பெடலில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளக்கின் துருவத்தைச் சோதிக்க மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்கின் நடுத் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் தொடுங்கள். திரையில் 9-க்கு முன் கழித்தல் குறி வந்தால் நடுவில் மைனஸ் என்று பொருள். பாஸ் நிறுவனம் பரப்பி, இன்று பெரும்பாலான பெடல்கள் பின்பற்றுவது இந்த முறையைத்தான். கழித்தல் குறி வராவிட்டால் அது தலைகீழ் அடாப்டர். தலைகீழாகச் செருகிவிட்டாலும் உடனே பெடலைத் தூக்கி எறிய வேண்டாம். பல பெடல்களில் மின் நுழைவாயிலுக்குக் குறுக்கே 1என்4001 போன்ற ஒரு டையோடு காவலுக்கு நிற்கும். தலைகீழ் மின்சாரத்தைத் தானே ஏற்றுக்கொண்டு செத்துப்போவது அதன் பணி. செத்த டையோடு பெரும்பாலும் ஷார்ட்டாகவே நிற்பதால் அதன் பிறகு சரியான அடாப்டரைப் போட்டாலும் பெடல் உயிர் பெறாது. அந்த ஒரு டையோடை மாற்றினால் பல பெடல்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். பிளக்கின் துளை அளவும் கவனிக்க வேண்டியது. பெடல்களில் இருப்பது 2.1 மில்லிமீட்டர் முள். 2.5 துளையுள்ள பிளக்கும் அதில் ஏறும், ஆனால் தொளதொளவென்று நிற்கும். காலால் மிதிக்கும் ஒவ்வொரு அதிர்விலும் மின்சாரம் விட்டு விட்டு வரும்.

ஒரே அடாப்டரிலிருந்து மாலை போல எல்லாப் பெடலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டெய்சி செயின் ஒயர் மோசமானதல்ல. நான்கு அனலாக் பெடல்கள் என்றால் தாராளமாகப் போதும். அதில் ஒரு டிஜிட்டல் பெடல் நுழைந்த உடனே சிக்கல் தொடங்கும். டிஜிட்டல் பெடலின் கடிகாரத் துடிப்பு மின்சார ஒயர் வழியாகவே மற்ற பெடல்களுக்குள் கசியும், அதை டிஸ்டார்ஷன் பெடல் நூறு மடங்கு பெருக்கிக் காட்டும். டிஸ்டார்ஷனை மிதித்தால்தான் கீச்சொலி வருகிறது, அதனால் டிஸ்டார்ஷன்தான் குற்றவாளி என்று நினைப்பது இயல்பு. உண்மைக் குற்றவாளி அதன் பக்கத்து வீட்டுக்காரர். டிலேயின் மின் ஒயரை மட்டும் உருவி வேறு அடாப்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு ஒவ்வொரு வாயிலும் தனித்த எர்த் கொண்ட ஐசொலேட்டட் சப்ளை. அந்தச் சொல்லைப் பெட்டியில் அச்சடித்துவிட்டு உள்ளே எல்லா வாயில்களையும் ஒன்றாகக் கட்டியிருக்கும் சப்ளைகளும் விற்கின்றன. சோதிக்க ஒரு நிமிடம் போதும். சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றி, பெடல்கள் எதுவும் மாட்டாமல், மீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து இரண்டு வாயில்களின் மைனஸ் முனைகளைத் தொடுங்கள். பீப் ஒலித்தால் இரண்டும் ஒன்றே. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது டெய்சி செயின்தான்.

ட்ரூ பைபாஸ் விஷயத்துக்கு வருகிறேன். அணைத்த பெடல் ஓசையைத் தொடாமல் ஒரு ஒயர் போல நேராக விட்டுவிடும், அதனால் டோன் கெடாது என்பது கட்டுரையின் வாதம். ஒரு பெடல் என்றால் சரி. எட்டு பெடல் என்றால் அந்த ஒயரின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகையின் இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓர் இடத்தில் ஒத்ததிரும். அந்த இடத்துக்கு மேலுள்ள ட்ரெபிள், அதாவது உச்ச ஒலிகள், செங்குத்தாகச் சரியும். 6 மீட்டர் கேபிள் என்றால் அந்த இடம் சுமார் 4,100 ஹெர்ட்ஸ். 12 மீட்டர் என்றால் சுமார் 2,900. கிட்டாரின் பளபளப்பு குடியிருப்பதே இந்த இடைவெளியில்தான். கிட்டாரிலிருந்து பெடல்களை அடுக்கிய போர்டுக்கு 5 மீட்டர், போர்டிலிருந்து ஆம்ப்புக்கு 5 மீட்டர், நடுவில் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிள்கள் எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டர் என்றால், எல்லாப் பெடல்களும் அணைந்திருக்கும்போது பதினொன்றரை மீட்டர் ஒயரைப் பாவம் அந்தப் பிக்கப் தனியாக இழுக்கிறது. முதல் பெடலை மிதித்தவுடன் சுமை குறைந்து ஓசை பளிச்சென்று ஆகிவிடும். பெடல் டோனை மாற்றுகிறது என்று தோன்றும். அது அணைந்திருந்தபோதுதான் டோன் மாறியிருந்தது.

ஆகவே சங்கிலியின் தொடக்கத்தில் பிக்கப்பைக் கேபிள்களின் சுமையிலிருந்து காக்கும் சுற்றான ஒரு நல்ல பஃபர் வேண்டும். உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 1 மெகா ஓம், வெளியீடு 1 கிலோ ஓம் அல்லது அதற்கும் கீழ் இருந்தால் நல்ல பஃபர். அதன் பிறகு வரும் கேபிள்களின் நீளம் பிக்கப்பைத் தொடாது. தனியாக வாங்க வேண்டும் என்பதில்லை. பாஸ் பெடல்கள் அணைந்த நிலையிலும் பஃபராகவே வேலை செய்கின்றன. அப்படியொரு ட்யூனரை முதலில் வைத்தால் இரண்டு வேலையும் முடிந்தது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது முக்கியமானது. ஓசையை முரட்டுத்தனமாகக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு, அதனால் கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் ஓர் அங்கம் போலவே ஆகிவிடுகின்றன. கிட்டார் வால்யூமை 10-லிருந்து 7-க்கு இறக்கினால் ஃபஸ் அடங்கி, கண்ணாடி போன்ற சுத்தமான ஓசை வருவது இந்த உறவால்தான். நடுவில் பஃபர் நுழைந்தால் உறவு அறுந்தது. ஓசை கரகரவென்று முள்ளாகக் குத்தும், வால்யூமை இறக்கினாலும் தெளியாது. எனவே ஃபஸ்ஸுக்கு முதல் இடம், ட்யூனருக்கு இரண்டாம் இடம். காலால் அசைத்து 'வா வா' என்று ஓசையெழுப்பும் வா பெடலை ஃபஸ்ஸுக்கு முன் வைத்தாலும் இதே சண்டை வரும். வா பெடலின் வீச்சு செத்துப்போகும் அல்லது ஊளையிடும். வா பெடலைப் பின்னால் தள்ளலாம், அல்லது இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு சிறு பஃபரை வைத்து, ஃபஸ்ஸின் குணம் கொஞ்சம் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெப்பம் ஏறினால் அதன் பயஸ், அதாவது அது இயங்கும் மின்நிலை, நகர்ந்துவிடும். மேடை விளக்கின் சூட்டில் ஓசை மெலிந்து, ஸ்வரம் பாதியில் வெட்டுப்படும். பழுது என்று எண்ணிப் பிரித்துவிடாதீர்கள், குளிர்ந்ததும் சரியாகிவிடும். இரண்டாவது, பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் உள்ளவற்றில் பல பிளஸ் முனையே எர்த்தாகும் பாசிட்டிவ் எர்த் முறையில் கட்டப்பட்டவை. அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே டெய்சி செயினில் போட்டால் ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் எர்த்தோடு மோதி முழு ஷார்ட் ஆகும். அவற்றுக்குப் பேட்டரிதான் நல்லது.

இந்த ஃபஸ் ஓசையே பழுதிலிருந்து பிறந்தது என்பதை இடையில் சொல்ல ஆசை. 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் கெட்டுப்போன மிக்ஸர் சேனல் எழுப்பிய கரகரப்பைப் பலரும் விரும்பிக் கேட்கப்போய்த்தான், அதை வேண்டும்போது வரவழைக்க 1962-இல் மாஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெடல் சந்தைக்கு வந்தது.

பெடல்களின் வரிசை பற்றி ஒவ்வொருவரும் ஒரு சூத்திரம் வைத்திருப்பார்கள். ஃபஸ், ட்யூனர், வா, சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் வகையறா, டிலே, ரிவெர்ப் என்று வைத்தால் பெரும்பாலான இசைக்குப் பொருந்தும். காரணம் தெரிந்தால் மீறவும் தெரியும். டிஸ்டார்ஷன் என்பது சத்தமான பகுதியை நசுக்கி மெல்லிய பகுதியைத் தூக்கிவிடும் கருவி. அதற்கு முன்னால் டிலே வைத்தால் மெல்ல மங்க வேண்டிய எதிரொலிகள் மங்காமல் முதல் ஸ்வரத்தோடு மோதிக் குழம்பும். கம்ப்ரஸரை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் ஏற்கனவே நசுங்கியதையே நசுக்கி, இடையிலுள்ள இரைச்சலை மேலே கொண்டுவரும்.

உங்கள் டிஸ்டார்ஷன் ஓசை பெடலிலிருந்து வராமல் ஆம்ப்பின் முதற்கட்டப் பெருக்கியான ப்ரீஆம்ப்பிலிருந்து வருவதாக இருந்தால், டிலேயும் ரிவெர்ப்பும் ஆம்ப்பின் பின்புறமுள்ள சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகளுக்கு நடுவில் போக வேண்டும். சென்டிலிருந்து டிலேயின் உள்ளீட்டுக்கு, ரிவெர்ப்பின் வெளியீட்டிலிருந்து ரிட்டர்னுக்கு. எஃபெக்ட்ஸ் லூப் எனப்படும் இந்த வழியின் லெவல் சில ஆம்ப்களில் பெடல் தாங்கும் அளவை மீறும். அப்போது நீங்கள் சத்தமாக வாசிக்கும்போது மட்டும் டிலேயின் ஓசை வெடிக்கும். பின்புறம் +4, -10 என்று சுவிட்ச் இருந்தால் -10-இல் வையுங்கள். லூப் பேரலல் வகையா என்றும் பார்க்க வேண்டும். பேரலல் என்றால் மூல ஓசை ஆம்ப்புக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும், பெடலின் மிக்ஸ் குமிழை முழு 'வெட்' நிலைக்கு, அதாவது எதிரொலி மட்டும் வரும்படி, திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிஜிட்டல் பெடலுக்குள் சில மில்லி செகண்ட் தாமதித்து வரும் மூல ஓசையும் தாமதிக்காத மூல ஓசையும் ஒன்றையொன்று தின்று, குழாய்க்குள் இருந்து வாசிப்பது போலக் கேட்கும்.

குமிழ்களைத் திருப்புவதில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். முதலில் பெடல்கள் இல்லாமல், மேடையில் வாசிக்கப்போகும் சத்தத்தில் ஆம்ப்பைச் சரிசெய்யுங்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஒலிகளும் (பேஸ்) ட்ரெபிளும் குறைவாகவே கேட்கும். அதனால் அறைக்குள் அவற்றைக் கூட்டி வைத்த அமைப்பு மேடையில் கும்மென்று அடைத்து, மேலே காதைக் கிழிக்கும். பிறகு ஒவ்வொரு பெடலாக எடுத்து, மிதித்தாலும் விட்டாலும் சத்தம் சமமாக இருக்கும்படி லெவல் குமிழை வையுங்கள். இது தவறினால் ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் சற்றே சத்தமாக இருப்பதைக் காது எப்போதும் நல்லதென்றே சொல்லும்.

சோலோவுக்குச் சத்தம் கூட வேண்டும் என்று ஓசையை உயர்த்தும் பூஸ்டர் பெடலை மிதித்தால் சத்தம் கூடவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். பூஸ்டர் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருந்தால் கரகரப்புதான் கூடும், சத்தம் கூடாது. ஏற்கனவே உச்சத்தில் வெட்டுப்படும் அலையை எவ்வளவு தள்ளினாலும் அதே உயரத்தில்தான் வெட்டுப்படும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் சத்தம் கூடும். 3 முதல் 6 டெசிபல் போதும்.

ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவை ஆம்ப்பின் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்து, டிரைவ் குமிழை அடியோடு குறைத்து, லெவல் குமிழைக் கடிகாரத்தின் 3 மணி நிலைக்கு ஏற்றி வாசிக்கும் பழக்கம் கனமான இசையில் பரவலாக உண்டு. டிரைவே இல்லாத ஓவர்டிரைவ் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சுற்றில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு வாசற்படி போடுகின்றன. அதற்குக் கீழே உள்ளவற்றுக்குப் பெருக்கம் படிப்படியாகக் குறையும். கீழ்க் கம்பிகளின் கொழகொழப்பு ஆம்ப்புக்குப் போகுமுன் மெலிந்துவிடுவதால் ஒவ்வொரு அடியும் இறுகி ஒலிக்கிறது. அங்கே அந்தப் பெடல் ஒரு ஈக்வலைசர்தான், ஓவர்டிரைவ் என்பது பெயருக்கு.

வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் வைத்திருப்பவர்கள் கிட்டார் வால்யூமை முழுதாக வைத்து, உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி, எல்லா டிஸ்டார்ஷனையும் போட்டுவிட்டு, கேட் மூடும் அளவைக் குறிக்கும் த்ரெஷோல்டைச் சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். இரைச்சல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு ஸ்வரத்தை அடித்து அது தானாகச் சாகும் வரை கேளுங்கள். வால் வெட்டுப்பட்டால் ஒரு மயிரிழை இறக்குங்கள். கேட் டிலேக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் போனால் எதிரொலியின் வாலையும் சேர்த்து நறுக்கிவிடும். சிங்கிள் காயில் பிக்கப்பின் ஹம்மை கேட் போக்காது. வாசிக்காதபோது மறைக்கும், அவ்வளவுதான்.

டிலே நேரத்துக்குக் கணக்கு உண்டு. 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்பதால் வகுத்தால் ஒரு தாளத்துக்கான மில்லி செகண்ட் கிடைக்கும். 120 வேகத்தில் 500. அதை 0.75-ஆல் பெருக்கினால் 375, இதுதான் புள்ளியிட்ட எட்டாம் ஸ்வர டிலே. எதிரொலி தாளங்களுக்கு இடையில் விழுந்து, ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பது போலத் தோன்றும். மிக்ஸ் 30 சதவீதம், மூன்று நான்கு எதிரொலிகள் போதும். பழைய ராக்கபில்லி பாணிக்கு 80 முதல் 120 மில்லி செகண்ட், ஒரே எதிரொலி. ரிவெர்ப்பைப் பொறுத்தவரை ஒரே அறிவுரைதான். தனியாகக் கேட்டு இனிமையாக இருக்கும் அளவிலிருந்து பாதியாகக் குறையுங்கள், இசைக்குழுவோடு சேரும்போது அதுதான் சரியான அளவு.

ஆம்ப் இல்லாமல் பெடல்களிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகிறவர்களின் பெரிய புகார், டிஸ்டார்ஷன் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருக்கிறது என்பது. கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாக வெளியே விடாது. மேடை ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடும். சங்கிலியின் கடைசியில் கிட்டார் ஸ்பீக்கரைப் போல வடிகட்டும் கேபினெட் சிமுலேஷன் உள்ள பெடல் ஒன்று இருந்தால் இந்தக் குறை போகும். அதே போர்டை மறுநாள் கிட்டார் ஆம்ப்பில் மாட்டும்போது அதை அணைக்க மறந்தால் ஓசை கம்பளிக்குள் இருந்து வருவது போல மூடிக்கொள்ளும், இரண்டு முறை வடிகட்டுகிறதல்லவா.

கடைசியாக, பழுது தேடுவது. ஓசை வராவிட்டால் அல்லது கரகரத்தால் கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்ப்பில் மாட்டுங்கள். அது சரி என்றால் சங்கிலியைப் பாதியாக்கி, முதல் பாதியை மட்டும் மாட்டிப் பாருங்கள். எட்டுப் பெடலில் மூன்றே சோதனையில் குற்றவாளி கிடைத்துவிடும். பாதிக்குப் பாதி அது பெடலாகவே இருக்காது, பேட்ச் கேபிளின் கழுத்தாகவே இருக்கும். பெடல் அணைந்திருக்கும்போது ஓசை வந்து, மிதித்ததும் நின்றால் முதலில் உள்ளீடும் வெளியீடும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பெடல்களில் வலப்பக்கம் உள்ளே, இடப்பக்கம் வெளியே. நம் கண் இடமிருந்து வலம் படித்துப் பழகியதால் வரும் தவறு இது. பேட்டரியில் ஓடும் பெடலில் விளக்கே எரியாததற்கும் இதுவே காரணமாகலாம். உள்ளீட்டு ஜாக்கில் பிளக் நுழைந்தால்தான் பேட்டரியின் சுற்று இணையும். அதே காரணத்தால், வாசித்து முடித்தபின் அந்தப் பிளக்கை உருவாமல் விட்டால் பேட்டரி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அடாப்டரில் வாசிப்பவர்கள் பேட்டரியைக் கழற்றியே வையுங்கள், கசிந்தால் கிளிப்பை மட்டுமல்ல, பலகையையும் அரித்துவிடும்.

ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து ஸ்பேனர் போட்டு அப்படியே முறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று ஒயரின் சாலிடரைப் பிய்த்துவிடும். பின்மூடியைக் கழற்றி, ஒரு கையால் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முறுக்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அது தூசு. காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் போகும். போர்டை மாட்டியதும் முதல்முறை மிதிக்கையில் டப்பென்ற சத்தம் வருவது சகஜம். ஒவ்வொரு முறையும் வந்தால் உள்ளீட்டு அல்லது வெளியீட்டுக் கெப்பாசிட்டர் கசிகிறது, அல்லது ஜாக்குக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இல்லை. இரண்டுமே சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை.

மற்றவற்றைத் தங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். எர்த் பின்னை எடுக்கச் சொன்ன அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெடல் பழுது பார்க்கும் வாசகர்